ஒரு சோறு பதம் பார்த்தவனின் வாக்குமூலம்

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ரீசனிங் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். ஒரு கூற்றைக் கொடுத்தால் அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டுவது என் தொழில். அதில் ஓரளவு பெயரும் உண்டு. அப்படிப்பட்ட நான், ஜவ்வாது மலைப் பிள்ளைகளைப் பற்றி எழுதிக்கொடுத்த ஓர் அறிக்கையில், பகுதியைப் பார்த்து முழுமையைத் தீர்மானிக்கும் பிழையைச் செய்தேன். வகுப்பில் பிள்ளைகள் செய்தால் நான் கோபப்படுகிற பிழை அது. அதனால் மலைக்கு வரவேண்டிய ஒரு பயிற்சி வகுப்பு வராமல் போனது. அறிக்கையைப் படித்த எவருக்கும் பிழை தட்டுப்படவில்லை. எனக்குத் தட்டுப்பட்ட பிறகும் வெகுநாள் நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்த மலைக்கிராமப் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பயிற்சி ஒன்றை நடத்த ஓர் அறக்கட்டளை முன்வந்தது. குரூப் 4, வங்கி வேலை, சட்டப் படிப்பு என்று எதற்குப் போனாலும் உதவும்படியான பொதுப் பயிற்சி. பணத்தை இறக்குவதற்கு முன், பிள்ளைகளின் அடிப்படைத் திறன் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். கையில் பழைய மாக் டெஸ்ட் தாள் ஒன்று இருந்தது. அதையே கொடுத்துத் திருத்தினேன். மதிப்பெண்கள் மிகக் குறைவு. ஊர் திரும்பி உட்கார்ந்து எழுதிய அறிக்கையின் முக்கியமான வரி இது: “மலைப் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் உண்டு, தர்க்கச் சிந்தனை போதாது. எனவே இந்தப் பயிற்சிக்கு இது ஏற்ற இடமல்ல.”

அந்த வரிக்கு ஆதாரமாக இருந்தவர்கள் யார்? ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஓரிரு குக்கிராமங்களின் பிள்ளைகள். அது புளி உலுக்கும் பருவம். தொலைவில் உள்ள ஊர்களிலிருந்து யாரும் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். தாளோ ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது. அதில் பேஸ்பால் அணியும் கிளப் உறுப்பினர்களும் லிப்டும் வந்தார்கள். இதையெல்லாம் நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். கவனித்ததை அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் “மலைப் பிள்ளைகள்” என்று தொடங்கும் கம்பீரமான வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது.

இன்னொன்றும் செய்தேன். வந்தவர்களில் ஒரு மாணவி ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை எழுதியிருந்தாள். பக்கத்தில் பார்த்து எழுதினாள் என்றும் சொல்ல வழியில்லை. பக்கத்தில் இருந்தவள் பாதிகூட வாங்கவில்லை. இந்தத் தாளை என்ன செய்வது? “ஒருவர் மட்டும் விதிவிலக்கு, தற்செயலாகவும் இருக்கலாம்” என்று ஒரு வரியில் முடித்தேன். முதலில் சிலரை வைத்து மலையை எடைபோட்டேன். பிறகு அந்த எடையை வைத்தே இவளையும் எடைபோட்டேன். போகும்போது ஒரு பிழை, வரும்போது ஒரு பிழை.

அளவையியலில் இந்தப் பிழைகளுக்கு முறையான பெயர்கள் உண்டு. உறுப்புகளுக்குப் பொருந்துவது தொகுதிக்கும் பொருந்தும் என்பது தொகுப்புப் போலி. தொகுதிக்குப் பொருந்துவது ஒவ்வொரு உறுப்புக்கும் பொருந்தும் என்பது பகுப்புப் போலி. சொல்லை வைத்து ஏமாற்றும் போலிகள் என்று அரிஸ்டாட்டில் வகுத்த ஆறில் இந்த இரண்டும் இருக்கின்றன. அவர் காட்டிய ஓர் உதாரணம் இன்றைக்கும் வகுப்பில் எடுபடும்: ஐந்து என்பது இரண்டும் மூன்றும், ஆகவே ஐந்து இரட்டைப்படையும்தான், ஒற்றைப்படையும்தான். கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கே தவறு என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். போலிகளை எண்ணி வகைப்படுத்தும் வேலை தமிழுக்கும் புதிதல்ல. மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருமம் உரைக்கும் காதையில் பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று வரிசையாகப் பாடம் நடக்கிறது. துறவு பூண்ட ஒரு பெண்ணுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது தவறான வாதத்தை இனம் காண்பது என்று அந்தக் காப்பியத்துக்குத் தோன்றியிருக்கிறது.

என் பிழை கண்டிப்பான பொருளில் தொகுப்புப் போலி அல்ல, அதன் பங்காளி. சிலருக்குப் பொருந்துவதை எல்லாருக்கும் ஏற்றுவது அவசரப் பொதுமை. ஒவ்வொன்றுக்கும் பொருந்துவதை, அவை சேர்ந்து உண்டாகும் ஒன்றுக்கு ஏற்றுவது தொகுப்புப் போலி. முதலாவதில் நான் பார்த்தவர்கள் போதவில்லை. இரண்டாவதில் எல்லாரையும் பார்த்திருந்தாலும் போதாது. ஏனென்றால் சேரும்போது குணம் மாறிவிடுகிறது. தேர்வுத் தாளில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த ஆப்ஷன்களாக வைப்பார்கள். பாதிப் பேர் அங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இதற்கு நான் சொல்லிக்கொடுத்துவந்த ஷார்ட்கட் ஒன்று உண்டு. “ஒவ்வொரு” என்று தொடங்கி “ஆகவே முழுவதும்” என்று முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘பிழை’ என்று போடு. பத்துக்கு எட்டுக் கேள்வியில் இது பலிக்கும். பலித்ததால்தான் நான் கெட்டேன். அந்த மாக் டெஸ்டில் நானே எழுதிச் சேர்த்த ஒரு கேள்வி இருந்தது: “இந்தக் கொட்டகையின் ஒவ்வொரு பாகமும் மூங்கிலால் ஆனது. ஆகவே கொட்டகை மூங்கிலால் ஆனது.” என் விடைக்குறிப்பில் ‘பிழை’ என்று இருந்தது. அந்த மாணவி ‘சரியான வாதம்’ என்று போட்டிருந்தாள். சிவப்பு மையில் தப்பு போட்டேன். அவள் இழந்த மதிப்பெண்களில் ஒன்று அது.

அவள்தான் சரி. பாகங்கள் எல்லாம் மூங்கில் என்றால் கொட்டகையும் மூங்கில்தான். “ஒவ்வொரு பாகமும் லேசானது, ஆகவே கொட்டகையும் லேசானது” என்றிருந்தால்தான் பிழை. என்ன பொருளால் ஆனது என்ற குணம் உறுப்பிலிருந்து முழுமைக்கு அப்படியே போய்ச் சேரும். எடை அப்படிப் போகாது, கூடிக்கொண்டே போகும். திறமை, லாபம், வேகம் போன்றவை சேரும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஆகையால் கேட்கவேண்டிய கேள்வி, வாதம் பகுதியிலிருந்து முழுமைக்குப் போகிறதா என்பது மட்டுமல்ல. இந்தக் குணம் எந்த வழியாக அங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கேட்க வேண்டும். வழியைக் காட்ட முடிந்தால் வாதம் நிற்கும். இல்லையென்றால் விழும்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது கெய்ன்ஸ் வழியாகத் தெரிந்திருக்கும். ஒரு குடும்பம் செலவைச் சுருக்கினால் சேமிப்பு கூடும். எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் சுருக்கினால் கடைக்காரருக்கு வியாபாரம் விழும், அவரிடம் வேலை செய்பவருக்குச் சம்பளம் விழும், கடைசியில் யாருக்கும் சேமிக்க மிச்சம் இருக்காது. புளி விற்கும் மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வீட்டுக்காரர் மற்றவர்களுக்கு முந்திச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கும். எல்லாரும் முந்தினால் என்ன விலை போகும்?

நாம் பெருமையாகச் சொல்லும் “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பதும் பகுதியிலிருந்து முழுமைக்குப் போகும் வாதம்தான். ஆனால் அதில் வழி இருக்கிறது. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே கொதி. துழாவிவிட்ட பிறகுதான் பதம் பார்க்கிறோம். நான் பதம் பார்த்ததோ துழாவாத பானையின் ஓரத்துச் சோற்றை. அடுப்பு எரிந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

அன்று தேர்வு முடிந்ததும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசினேன். “ஜவ்வாது மலை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, மாவட்டத்துக்கே நீங்கள் பெருமை சேர்க்க வேண்டும்” என்றேன். பாட்டி வீட்டுக்கு வந்த இடத்தில் தேர்வெழுத உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்தான். “சார், எங்க ஊரு புதூர்நாடு. அதுவும் ஜவ்வாது மலதான் சார். ஆனா எங்களுக்கு ஜில்லா திருப்பத்தூரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, “சரிப்பா, உட்காரு” என்றேன்.

அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியத்துக்கு ஜவ்வாது மலை என்றே பெயர். அந்த ஒன்றியம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. மலையோ அதோடு நிற்பதில்லை. புதூர்நாடும் காவலூரும் அதே மலைத்தொடர்தான். அவை வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போயின. ஒன்றியத்துக்கும் மலைக்கும் ஒரே பெயர் இருப்பதால் பகுதியே முழுமை என்று நினைத்துக்கொண்டேன். தேர்வுத் தாளில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பேன். அங்கே “ஒவ்வொரு”வும் இல்லை, “ஆகவே”யும் இல்லை, அதனால் பிடிக்கவில்லை. ஒரு பிள்ளை எழுந்து நின்று காட்டியும், இதே கண்ணால் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது பிற்பாடு, காவலூர் வானாய்வகத்தின் கதையைப் படித்தபோது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரவிருந்தது. அதைக் கவனிக்கக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் நட்சத்திரத்தை நெருங்குவதற்கு முன்பே நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றும் ஒரு புதிய துணைக்கோள் குறுக்கே போயிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்த கைப்பர் வான் ஆய்வகம் என்ற அமெரிக்க விமானத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இருந்தார்கள். அவர்களுடைய பதிவில் கோளுக்கு ஒரு பக்கம் ஐந்து மங்கல்கள் இருந்தன. மறுபக்கத்திலும் அதே தூரங்களில் ஐந்து. துணைக்கோள்கள் இப்படி இரு பக்கமும் அளந்து வைத்தாற்போல் நிற்காது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. காவலூரில் பதிவான மங்கலும் ஒரு வளையத்தின் நிழல்தான்.

காவலூர்க்காரர்களும் என்னைப்போலவே பகுதியைப் பார்த்து முழுமையைச் சொன்னவர்கள் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளப் பார்த்தேன். ஆறுதல் நிற்கவில்லை. அவர்கள் எந்த நேரத்தில், எந்தக் கருவியில், எவ்வளவு மங்கல் என்று பதிவை அப்படியே முன்வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்களின் பதிவோடு அதைப் பொருத்திப் பார்க்க முடிந்தது. விளக்கம் மாறியது, பதிவு மாறவில்லை. வளையங்களுக்கான சான்றுகளில் ஒன்றாக இன்றும் அது நிற்கிறது. நானோ பதிவை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் கொடுத்தேன். எத்தனை பேர், எந்த ஊர், எந்த மாதம், எந்தத் தாள் என்ற நான்கு வரிகள் என் அறிக்கையில் இருந்திருந்தால் படித்தவர்களில் யாராவது ஒருவர், “இத வெச்சா முழு மலையையும் சொல்றீங்க?” என்று கேட்டிருப்பார். பகுதியை வைத்து முழுமையை ஊகிக்காமல் யாராலும் வாழ முடியாது. டாக்டரும் அப்படித்தான், வானியலாளரும் அப்படித்தான். நான் ஊகித்ததைக்கூட மன்னிக்கலாம். என் கையில் இருந்த பகுதி எவ்வளவு சின்னது என்று சொல்லாமல் விட்டேனே, குற்றம் அதில் இருக்கிறது.

இதற்கு முன்பும் இதே மலையை வைத்து இந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவல்துறையின் தனிப்படையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. இறந்தவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு சமவெளியில் ஒரு வழக்கம் வந்தது. மலைக்காரர் ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாலோ, புது பைக் வைத்திருந்தாலோ, “என்ன, செம்மரமா?” என்று கேட்பது. என் வகுப்புக்கு வந்த ஒரு மலைப் பையனிடம் சக மாணவன் இப்படிக் கேட்டபோது வகுப்பு சிரித்தது. வகுப்பில் நானும் சேர்த்தி. அன்றைக்குப் பலகையில் எழுதியிருந்த பாடம் சிலாஜிசம். ‘சில’ என்பதிலிருந்து ‘எல்லா’ வராது என்று நான் விளக்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பிழை இழிவாகப் பேசும்போதுதான் வரும் என்றில்லை. பாராட்டும்போதும் வரும், அப்போது அதைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற 23 வயது மலையாளி பழங்குடிப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர் அவர். முதலமைச்சர் வாழ்த்தினார், தமிழ்நாடே கொண்டாடியது. நானும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்து, மேலே ஒரு வரி எழுதினேன்: “மலை நிமிர்ந்துவிட்டது.” அதை எழுதும்போது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதை மறைக்காமல் சொல்லவேண்டும். என் அறிக்கை கதவைச் சாத்தியிருந்தால் என்ன, ஒருத்தி நீதிபதியே ஆகிவிட்டாள். மலைக்கு நான் ஒன்றும் கெடுதல் செய்துவிடவில்லை என்று மனம் கணக்கை நேர்செய்துகொண்டது. முன்னே சிலரின் தோல்வியை மலையின் தோல்வி ஆக்கினேன். இப்போது ஒருவரின் வெற்றியை மலையின் வெற்றி ஆக்கினேன். முதலாவது அவர்களுக்கு அநியாயம். இரண்டாவது எனக்கு வசதி. ஸ்ரீபதி வென்றது ஸ்ரீபதியின் உழைப்பு. என் தாளில் நன்றாக எழுதிய மாணவிக்கு அதனால் பயிற்சி வகுப்பு கிடைத்துவிடாது.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய விடைத்தாளை வெகுகாலம் கழித்து எடுத்துப் பார்த்தேன். மூங்கில் கேள்விக்குப் பக்கத்தில் ஓரமாகச் சின்ன எழுத்தில் ‘பாரம்னா தப்பு’ என்று எழுதி, தாள் அழுக்காகிவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மேலே ஒரு கோடு இழுத்திருந்தாள். எடையைப் பற்றிய கேள்வியாக இருந்தால் இந்த வாதம் தப்பு, இது எடை இல்லை என்பதைத்தான் தனக்காகக் குறித்திருக்கிறாள். நான் ஷார்ட்கட்டாகச் சொல்லித்தந்த இடத்தில் அவள் யோசித்திருக்கிறாள். திருத்தும்போது அந்தக் குறிப்பு என் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் படிக்கவில்லை. இதில் எது உண்மை என்று என்னையே கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

அறக்கட்டளைக்கு எழுதினேன். எத்தனை பேர் எழுதினார்கள், எந்த ஊர்கள், எந்தப் பருவம், தாளில் என்ன கோளாறு, விடைக்குறிப்பில் எது தவறு என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, பழைய முடிவை வாபஸ் வாங்கினேன். மரியாதையாகப் பதில் வந்தது. பயிற்சி வேறு ஊரில் தொடங்கியாகிவிட்டது, அடுத்த நிதி வரும்போது பார்க்கலாம் என்றார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்கள் நம்பியது என் கையெழுத்தை.

வகுப்பில் ஷார்ட்கட்டை விட்டுவிட்டேன். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், நேரம் போதவில்லை என்கிறார்கள். இப்போது மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். கூற்று ஒவ்வொருவரைப் பற்றியதா, எல்லாரும் சேர்ந்த ஒன்றைப் பற்றியதா? சொல்லப்படும் குணம் சேரும்போது அப்படியே நிற்குமா, கூடுமா, மாறுமா? காட்டப்பட்ட பகுதியை யார், எப்போது, எங்கிருந்து எடுத்தார்கள்? மூன்றாவது கேள்வி பெரும்பாலும் தேர்வுத் தாளில் வராது. இருந்தாலும் அதை விடுவதாக இல்லை.

கடைசியாக ஒரு பயிற்சிக் கேள்வி. கூற்று: இந்தக் கட்டுரையாளர் எழுதிய ஓர் அறிக்கை பிழையானது. முடிவு: இவர் எழுதிய எல்லா அறிக்கைகளும் பிழையானவை. இந்த முடிவு செல்லுமா?

செல்லாது. ஒன்றை வைத்து எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆனால் மற்றவற்றை எடுத்துப் பார்க்கச் சொல்லும் அளவுக்கு அந்த ஒன்று போதும். பல ஊர்களுக்கு, பல பிள்ளைகளைப் பற்றி, பல ஆண்டுகளாக எழுதிக்கொடுத்தவற்றை எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவரையில், ஜவ்வாது மலை அறிக்கை தனியாக இல்லை.